பி பக்கத்திலிருந்து முதலிடத்துக்கு: ‘ஐ வில் சர்வைவ்’ ஏறி வந்த வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: குளோரியா கேனர் பாடிய ‘ஐ வில் சர்வைவ்’ இசைத்தட்டின் பி பக்கத்தில்தான் முதலில் வெளிவந்தது என்கிறார்கள். நிறுவனமே பின்னால் தள்ளிவைத்த ஒரு பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எப்படி முதலிடம் பிடித்தது? டிஸ்கோ அலை அடித்த 1979இல் எந்தப் பாட்டை வெளியிட்டிருந்தாலும் ஓடியிருக்கும் என்று சிலர் சொல்வது சரியா? அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்தை ஒரு முறை இழந்து மறுபடியும் பிடித்ததே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி பக்கம் என்பது உண்மை. அலையும் உதவியது என்பது பாதி உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பாட்டு நிறுவனத்திலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பட்டியலுக்கும் போவதுதான் வழக்கம். இந்தப் பாட்டோ நடன அரங்கில் தொடங்கி, அங்கிருந்து வானொலியையும், கடைசியில் தன்னை வெளியிட்ட நிறுவனத்தையும் இழுத்துக்கொண்டு மேலே போயிற்று. இந்தத் திசைமாற்றத்தைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேனரை ஒரே பாட்டில் பேர் வாங்கியவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிழை. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் பிறந்த அவர், டிஸ்கோ என்ற சொல் பொதுவழக்குக்கு வரும் நேரத்திலேயே அதன் முன்வரிசையில் இருந்தார். ‘நெவர் கேன் சே குட்பை’ என்ற பழைய பாட்டை அவர் 1974இல் வேகமான தாளத்தில் பாடியபோது அது பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்தையும் எட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க இசைத் தொழில் இதழான பில்போர்டு நடன அரங்குகளில் என்ன ஓடுகிறது என்பதற்கென்றே ஒரு தனிப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. அதில் முதன்முதலாக முதலிடத்தில் இருந்ததும் அந்தப் பாட்டுதான். அந்தப் பாட்டு இடம்பெற்ற எல்.பி. என்ற பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதிலும் மூன்று பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பத்தொன்பது நிமிடம் ஓடும்படி டாம் மோல்டன் கலவை செய்திருந்தார். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். எனவே அரங்குகளில் இசைத்தட்டு சுழற்றிய டிஜேக்களுக்குக் கேனர் புதியவர் அல்லர். ஆனால் 1978 வருவதற்குள் டோனா சம்மர் போன்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதும் உண்மை.

அந்த 1978இல் அவருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது பின்பக்கமாக விழுந்து முதுகில் காயப்பட்டார். மறுநாள் காலையில் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்று அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. ‘ஐ வில் சர்வைவ்’ பாட்டைப் பதிவு செய்தபோது அவர் முதுகுக்குத் தாங்கு பட்டை அணிந்துகொண்டுதான் ஒலிவாங்கியின் முன் நின்றார்.

பாட்டை எழுதியவர்கள் ஃப்ரெடி பெரன், டினோ ஃபெகாரிஸ் என்ற இருவர். இருவருமே மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டறையில் தேர்ந்தவர்கள். ஜாக்சன் 5 குழுவுக்கு ‘ஐ வான்ட் யூ பேக்’, ‘ஏ பி சி’ முதலிய பாட்டுகளை எழுதிக் கொடுத்த நால்வரில் பெரன் ஒருவர். 1976இல் தி சில்வர்ஸ் குழுவின் ‘பூகி ஃபீவர்’, 1978இல் இவான் எலிமன் பாடிய ‘இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ’ ஆகியவற்றைத் தயாரித்து முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். ஃபெகாரிஸ் அதே நிறுவனத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சம்பளத்துக்குப் பாட்டெழுதி, பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருநாள் தொலைக்காட்சியைப் போட்டதும், ஒரு திரைப்படத்துக்காகத் தான் முன்பு எழுதிய பாட்டு அதில் ஒலித்தது என்றும், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு ‘நான் பிழைத்துவிடுவேன்’ என்று சொல்லிக்கொண்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். உலகம் முழுவதும் காதல் முறிவுப் பாட்டாகக் கொண்டாடப்படும் இந்தப் பாட்டின் முதல் விதை, வேலை இழந்த ஒரு மனிதர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட ஆறுதல். பாட்டில் வரும் ‘நீ’ யார் என்பதைக் கேட்பவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ள முடிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இனி பி பக்கத்துக்கு வருகிறேன். அன்றைய சிங்கிள் என்பது ஏழு அங்குல விட்டம் கொண்ட, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. நிறுவனம் எதை ஓடவைக்க விரும்புகிறதோ அது ஏ பக்கம். மறுபக்கத்தைக் காலியாக விட முடியாது என்பதற்காகச் சேர்க்கப்படுவது பி பக்கம். வானொலி நிலையங்களுக்கு அனுப்பும்போதும், கடைக்காரரிடம் பேசும்போதும், விளம்பரம் கொடுக்கும்போதும் ஏ பக்கத்தின் பெயர் மட்டுமே சொல்லப்படும். பாலிடோர் நிறுவனம் கேனருக்காகத் தேர்ந்தெடுத்த ஏ பக்கப் பாட்டின் பெயர் ‘சப்ஸ்டிட்யூட்’. அது ரைட்டியஸ் பிரதர்ஸ் இருவர் முன்பே பாடியது. 1978இல் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த க்ளவுட் என்ற பெண்கள் குழு அதை மறுபடியும் பாடி, பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோயிருந்தது. ஐரோப்பாவில் வெற்றி பெற்றுவிட்ட ஒன்றை, பெயர் தெரிந்த ஒரு பாடகியை வைத்து அமெரிக்காவில் பாடவைப்பது நிர்வாகத்தின் பார்வையில் ஆபத்தில்லாத கணக்கு. அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்த சரக்கையே மறுபடி விற்பது எந்த ஊர் இசைத் தொழிலிலும் நடப்பதுதான்.

அந்த ஏ பக்கத்தைத் தயாரித்துத் தரும்படி பெரனைக் கேட்டார்கள். பி பக்கத்தில் தாங்கள் எழுதிய பாட்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார். கேனர் சொல்லும் கதை இப்படிப் போகிறது: லாஸ் ஏஞ்சலிஸில் தயாரிப்பாளர்களைச் சந்தித்தபோது பி பக்கத்துக்கு என்ன பாட்டு என்று அவர் கேட்டார், எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டுவர மறந்திருந்த ஃபெகாரிஸ், கையில் கிடைத்த பழுப்புக் காகிதத்தில் வரிகளை எழுதிக் கொடுத்தார், படித்து முடித்த உடனேயே, இதைப் போய் பி பக்கத்தில் போடுகிறீர்களா என்று கேனர் கேட்டுவிட்டார். முதுகுக் காயமும் சில ஆண்டுகளுக்கு முன் தாயை இழந்த துயரமும் மனத்தில் இருந்ததால், அந்த வரிகள் தனக்காகவே எழுதப்பட்டவை போலப் பட்டன என்று அவர் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தில் அவர் முறையிட்டும் பயன் இல்லை. 1978 அக்டோபரில் ‘சப்ஸ்டிட்யூட்’ ஏ பக்கமாகவே இசைத்தட்டு வெளியாயிற்று.

பாட்டின் அமைப்பை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தவற்றுக்கு அது நேரடிக் காரணம். தொடக்கத்தில் பியானோ ஒரு அலைபோல மேலும் கீழும் ஓடுகிறது. அதன்பின் கேனர் தாளக் கட்டு ஏதுமின்றி, கிட்டத்தட்ட விருத்தம் பாடுவதைப் போல, முதல் வரிகளைப் பாடுகிறார்: பயந்துபோயிருந்தேன், கல்லாகச் சமைந்திருந்தேன், பிறகு மெல்ல மெல்லத் தேறினேன் என்ற செய்தி அவற்றில் இருக்கிறது. விட்டுப்போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான் என்று கதை திரும்பும் இடத்தில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக இறங்குகின்றன. அழுதுகொண்டிருந்தவரையில் தாளம் இல்லை. எழுந்து நின்றதும் தாளம் வருகிறது. வாய்விட்டுச் சொல்லாமலேயே அமைப்பு இதைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடி என்ற வேகத்தில், ஒவ்வொரு அடியிலும் பெரிய டிரம் விழ, எங்கும் தளராமல் போகிறது.

இன்னொரு விசேஷம் அதன் கார்டு வரிசை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை. எட்டு கார்டுகள், ஒவ்வொன்றின் அடிச்சுரத்திலிருந்தும் அடுத்ததன் அடிச்சுரம் பெரும்பாலும் ‘ச’விலிருந்து ‘ம’வுக்குத் தாவும் தொலைவில் இருக்கிறது. இப்படித் தாவித் தாவிச் சுற்றி வரும்போது, எட்டாவது கார்டு முடியும் இடத்தில் காது தானாகவே முதல் கார்டை எதிர்பார்க்கிறது. மேற்கத்தியச் செவ்விசையிலும் ஜாஸிலும் மிகப் பழக்கமான உத்திதான் இது. ஆனால் இந்தப் பாட்டில் சரணத்துக்கும் பல்லவிக்கும் வேறு வேறு வரிசைகள் இல்லை, கடைசியில் சுருதியை உயர்த்தும் வழக்கமான வித்தையும் இல்லை. தொடக்கம் முதல் இறுதி வரை அதே எட்டுதான். பின்குரல் பாடுவோரும் கிடையாது. டிஸ்கோவில் அது மிக அபூர்வம். ஒரே சக்கரம் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்க, தன்னந்தனியான ஒரு குரல் மட்டும் அதன்மேல் ஏறிக்கொண்டே போகிறது. ஆடுகிறவர்களுக்குச் சக்கரம் போதும், கேட்கிறவர்களுக்குக் குரல் போதும். இரண்டு வகையினரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய டிஸ்கோ பாட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பது என் கணிப்பு.

தட்டு முதலில் புரட்டப்பட்டது நடன அரங்குகளில். கேனரும் அவருடைய கணவரும் அதை எடுத்துக்கொண்டு நியூயார்க்கின் ஸ்டுடியோ 54 அரங்குக்குப் போய், அங்கே டிஜேயாக இருந்த ரிச்சி காஸோரிடம் பி பக்கத்தைப் போடச் சொன்னார்கள். 54ஆவது தெருவில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கூடமாக இருந்த கட்டடத்தில் 1977 ஏப்ரலில் திறக்கப்பட்டு, ஓராண்டுக்குள் உலகம் அறிந்த பெயராகிவிட்ட இடம் அது. நியூயார்க்வாசிகள் எதையும் எடுத்த எடுப்பில் விரும்பிவிட மாட்டார்கள், இதை விரும்பியதைப் பார்த்தபோதே இது வெற்றி என்று தெரிந்துவிட்டது என்று கேனர் நினைவுகூர்வதுண்டு. மற்ற டிஜேக்களுக்குக் கொடுப்பதற்காகப் பிரதிகளையும் காஸோரிடம் தந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பாஸ்டன் நகரிலும் ஒரு டிஜே தாமாகவே புரட்டிப் போட்டு, இவ்வளவு பெரிய வெற்றிப்பாட்டைப் பின்னால் புதைத்துவிட்டார்களே என்று வியந்ததாகச் சொல்லியிருக்கிறார். யார் முதல் என்ற வழக்கைத் தீர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு டிஜேக்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

டிஜே ஒருவருக்கு இந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைய வாசகர் கேட்கலாம். 1970களின் நடுவில் நியூயார்க் டிஜேக்கள் ‘ரெக்கார்டு பூல்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். நிறுவனங்கள் புதிய தட்டுகளை அந்தக் குழுவிடம் ஒட்டுமொத்தமாக இலவசமாகக் கொடுக்கும். பதிலுக்கு எந்தப் பாட்டுக்கு அரங்கு நிறைந்தது, எதற்குக் காலியானது என்ற செய்தி நிறுவனத்துக்குத் திரும்ப வரும். 1976 முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. பள்ளங்கள் அகலமாக இருப்பதால் ஒலியும் பேஸும் அதில் கனமாக வரும், நீளமான வடிவத்துக்கும் இடம் இருக்கும். ‘ஐ வில் சர்வைவ்’ வானொலிக்காக மூன்றே கால் நிமிட அளவில் வெட்டப்பட்டது. அரங்குக்கான வடிவம் ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும். வானொலிக்காரர் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ஊகிக்கிறார். டிஜேயோ எதிரே ஆயிரம் பேர் ஆடுவதைக் கண்ணால் பார்க்கிறார். விளம்பரம் இல்லாத ஒரு பி பக்கத்துக்கு இதைவிட நல்ல நீதிமன்றம் அமைந்திருக்க முடியாது.

பி பக்கம் முதலிடத்துக்கு வந்தது இதுவே முதல் முறை அன்று. நம் பக்கத்துத் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டே உண்டு. பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் போன பித்து 1974இல் கார்ல் டக்ளஸைப் பாடவைத்துத் தயாரித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பி பக்கத்துக்கென்று அவசர அவசரமாகப் பதிவு செய்யப்பட்ட பாட்டுதான். ஆனால் அங்கே தட்டு கடைக்கு வருமுன்பே நிறுவனம் விழித்துக்கொண்டு அதை ஏ பக்கமாக மாற்றிவிட்டது. கேனரின் பாட்டுக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. தட்டு வெளியாகி, ‘சப்ஸ்டிட்யூட்’ அமெரிக்காவின் முதல் நூறு இடங்களுக்குள்ளேயே நுழைய முடியாமல் போன பிறகுதான் பாலிடோர் இரண்டு பக்கங்களையும் மாற்றிப் போட்டது.

வானொலி வழிவிட்டதற்கு நியூயார்க்கில் ஒரு தனிக் காரணம் இருந்தது. 1978 ஜூலையில் டபிள்யூ.கே.டி.யு. என்ற பண்பலை நிலையம், அதுவரை ஒலிபரப்பிய மென்மையான ராக் இசையைக் கைவிட்டு முழுநேர டிஸ்கோவுக்கு மாறியது. சில மாதங்களிலேயே கேட்போர் கணக்கில் நகரத்தின் முதல் நிலையமாகவும் ஆகிவிட்டது. அதைப் பார்த்து நாடெங்கும் நிலையங்கள் டிஸ்கோவுக்குத் தாவின. ஆகவே முந்தைய இரவு அரங்கில் கேட்ட பாட்டை மறுநாள் வானொலியில் கேட்டு வாங்க வழி பிறந்தது. ‘அலை உதவியது’ என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். 1977 இறுதியில் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ திரைப்படமும், 1978இல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்த அதன் இசைத்தொகுப்பும் இல்லாமல் போயிருந்தால், ஒரு டிஸ்கோ பாட்டுக்கு இத்தனை கதவுகள் திறந்திருக்கமாட்டா. ஆனால் அதே கேனர், அதே தயாரிப்பாளர், அதே தட்டு, அதே அலை எல்லாம் இருந்தும் மறுபக்கத்துப் பாட்டு ஓடவில்லை. எதை வெளியிட்டிருந்தாலும் ஓடியிருக்கும் என்பவருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

இப்போது பட்டியலைப் பார்ப்போம். பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் ‘ஐ வில் சர்வைவ்’ 1979 மார்ச் 10 தேதியிட்ட இதழில் முதலிடத்துக்கு வந்தது. அங்கிருந்து இறக்கப்பட்ட பாட்டு ராட் ஸ்டூவர்ட்டின் ‘டா யா திங்க் ஐம் செக்ஸி?’. ராக் பாடகர் ஒருவரே டிஸ்கோ தாளத்துக்கு வந்து நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த காலம் அது. கேனர் இரண்டு வாரம் நின்றார். மார்ச் 24 இதழில் பீ ஜீஸின் ‘ட்ராஜெடி’ மேலே வந்து இரண்டு வாரம் இருந்தது. ஏப்ரல் 7 இதழில் கேனர் மறுபடியும் முதலிடம். ஏப்ரல் 14இல் டூபி பிரதர்ஸின் ‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’ அதை எடுத்துக்கொண்டது. மொத்தத்தில் மூன்று வாரம், இரண்டு தவணைகளில்.

இழந்த இடம் மீண்டும் கிடைத்ததன் பொருளை அறிய, பட்டியல் எப்படித் தயாரானது என்று தெரிய வேண்டும். இன்றுபோல ஒவ்வொரு விற்பனையையும் கணினி எண்ணியதில்லை. அந்த ஏற்பாடு ஹாட் 100க்கு 1991இல்தான் வந்தது. அதற்கு முன்பு தேர்ந்தெடுத்த கடைகளும் வானொலி நிலையங்களும் வாரந்தோறும் தத்தம் வரிசையைச் சொல்லும். இந்தக் கடையில் இந்த வாரம் அதிகம் போனது எது, அடுத்தது எது என்பதாக. அந்த வரிசைகளுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் பட்டியல் கிடைக்கும். எத்தனை பிரதி அதிகம் என்ற இடைவெளி அதில் தெரியாது. முதல் இரண்டு பாட்டுகள் நெருக்கமாக ஓடும்போது சில நிலையங்களும் சில கடைகளும் தம் வரிசையை மாற்றினாலே மேலே இருப்பது கீழே வரும். எனவே ‘இழந்தது’, ‘மீட்டது’ என்ற சொற்களில் தொனிக்கும் நாடகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு மாதம் முழுவதும் இரண்டு பாட்டுகள் தோளோடு தோள் உரசி ஓடின, கேனரின் பாட்டு நடுவில் தளர்ந்துவிடவில்லை என்று வாசிப்பதே சரியாக இருக்கும். அந்தப் பருவத்தில் இது தனி நிகழ்வும் அன்று. சிக் குழுவின் ‘லே ஃப்ரீக்’ 1978 டிசம்பருக்கும் 1979 பிப்ரவரிக்கும் இடையில் மூன்று தனித்தனித் தவணைகளில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது.

பிரிட்டனை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அங்கே பட்டியல் விற்பனையை மட்டுமே அளந்தது. ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் சில நூறு இசைத்தட்டுக் கடைகளில் குறிப்பேடுகளைக் கொடுத்து, விற்கும் தட்டுகளை எழுதிவைக்கச் சொல்லி, வாராவாரம் அவற்றைத் திரட்டித் தொகுத்தது. வானொலிக்கு அங்கே நேரடி மதிப்பெண் கிடையாது. அந்தப் பட்டியலில் ‘ஐ வில் சர்வைவ்’ மார்ச் 17 அன்று முதலிடத்துக்கு வந்து, இடைவெளியே இல்லாமல் நான்கு வாரம் இருந்தது. ஒரு சிறிய வேடிக்கையும் உண்டு: அமெரிக்காவில் கேனரை இறக்கிய அதே ‘ட்ராஜெடி’யைத்தான் பிரிட்டனில் கேனர் இறக்கினார். ஏப்ரல் நடுவில் ஆர்ட் கார்ஃபங்கலின் ‘பிரைட் ஐஸ்’ வந்து அவரை மாற்றியது. மக்கள் காசு கொடுத்து வாங்கியதை மட்டும் எண்ணிய இடத்தில் அசையாமல் நின்றதும், வானொலியின் வாக்கும் சேர்ந்த இடத்தில் ஆடி ஆடி நின்றதும், நடன அரங்கிலிருந்து வந்த இந்தப் பாட்டின் பயணத்தோடு பொருந்திப் போகின்றன என்றே நான் நினைக்கிறேன். இரண்டு நாடுகளின் ரசனையும் வேறு என்பதால் இதை உறுதியான நிரூபணமாகக் கொள்ள முடியாதுதான்.

ஆண்டு இறுதியில் பில்போர்டு வெளியிட்ட 1979இன் மொத்தக் கணக்கில் பாட்டுக்கு ஆறாம் இடம். அதே பட்டியலில் ஐந்தாம் இடத்தில், அதாவது இதற்கு நேர் மேலே, பீச்சஸ் அண்ட் ஹெர்ப் பாடிய ‘ரீயுனைட்டட்’ இருந்தது; அது மே மாதத்தில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதை எழுதியவர்களும் இதே பெரனும் ஃபெகாரிஸும்தான். பிரிந்தவன் திரும்பி வந்தால் கதவைச் சாத்து என்று ஒரு பாட்டு, பிரிந்தவர்கள் மறுபடியும் சேர்ந்தால் எத்தனை சுகம் என்று இன்னொரு பாட்டு, இரண்டும் ஒரே ஆண்டில் ஒரே இருவரின் கையிலிருந்து வந்து இரண்டுமே முதலிடம் பிடித்தன. பாட்டெழுதுவது உணர்ச்சியின் பீறிடல் என்று மட்டுமே நம்புகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு இது. தொழில் தெரிந்தவர்கள் இரண்டு மனநிலைகளையும் எழுதுவார்கள், இரண்டையும் நம்பவைப்பார்கள்.

வெற்றியின் காலம் நீளவில்லை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவருபவருக்கு 98 சென்டில் நுழைவு என்று அறிவித்து, சேர்ந்த தட்டுகளை ஆட்டங்களுக்கு இடையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதால் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் வளர்த்த இசையின் மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று அன்றே சிலர் எழுதினார்கள்; எனக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடு உண்டு. டிஸ்கோவின் சரிவுக்கு அந்த ஓர் இரவைக் காரணமாக்குவது மிகை என்றாலும், ஆகஸ்ட் இறுதியில் தி நேக் குழுவின் ‘மை ஷரோனா’ முதலிடத்துக்கு வந்த பிறகு நிலையங்கள் ஒவ்வொன்றாக டிஸ்கோவிலிருந்து விலகத் தொடங்கின. 1980 பிப்ரவரியில் கிராமி விருதுக் குழு ‘சிறந்த டிஸ்கோ பதிவு’ என்று ஒரு புதுப் பிரிவைத் தொடங்கி, அந்த முதல் விருதை ‘ஐ வில் சர்வைவ்’ பாட்டுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவு எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியொரு விருதைப் பெற்ற பாட்டு உலகில் இது ஒன்றுதான். கேனருக்கும் அதன்பின் அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் வேறு பாட்டு அமையவில்லை. அவருடைய அடுத்த கிராமி 2020இல் வந்தது, ஒரு கிறிஸ்தவப் பக்தி இசைத்தொகுப்புக்காக.

பாட்டின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், கேள்வி அதைப் பற்றியதல்ல. எய்ட்ஸ் நோய் பரவிய 1980களில் ஓரினச்சேர்க்கையாளர்களின் அரங்குகளில் அது வேறொரு பொருள் பெற்றது. ‘பிழைத்திருப்பேன்’ என்ற சொல்லை அங்கே யாரும் உவமையாகச் சொல்லவில்லை. 1998இல் உலகக் கோப்பையை வென்ற பிரெஞ்சு கால்பந்து அணி, நெதர்லாந்தின் ஹெர்மஸ் ஹவுஸ் பேண்ட் பாடிய வடிவத்தைத் தன் வெற்றிப் பாட்டாக்கிக்கொண்டது. 2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கேனரின் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்தது.

இத்தனையும் படித்தபின் பாட்டை ஒரு முறை கேட்கப் போகிறீர்கள் என்றால், வானொலி வடிவத்தை விட்டுவிட்டு எட்டு நிமிட வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு முன் ‘சப்ஸ்டிட்யூட்’ பாட்டையும் கேட்டுவிடுவது நல்லது. அது மோசமான பாட்டு அன்று; சுத்தமாகப் பாடப்பட்டு, சீராகத் தயாரிக்கப்பட்டது. அது முடிந்ததும் பியானோவின் அந்த அலை வரும், பிறகு தாளமற்ற அந்த வரிகள், பிறகு டிரம்ஸ் இறங்கும் இடம். ரிச்சி காஸோர் ஏன் தட்டைப் புரட்டினார் என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.